பொம்மை ஆபீஸ்

பொய் சொல்வதற்கென்றே ஓர் ஆபீஸ் கட்டி, அதில் உட்கார்ந்து பதில் எழுத ஒரு பெண்ணையும் படைத்தவள் சுகிர்தா. ஆபீசுக்குச் சுவர் கிடையாது, பெண்ணுக்கு உடம்பு கிடையாது. ஆனாலும் இரண்டையும் அவள் செய்திருந்த நேர்த்தியைக் கம்பெனியில் மெச்சாதவர் இல்லை. அப்படி மெச்சிக்கொண்டிருந்த ஒரு காலைக் கூட்டத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த அந்தக் கம்பெனிக்குத் தொழில், இணையத்தில் இருக்கும் விண்ணப்பப் படிவங்களுக்குக் காவல் நிற்பது. மனிதர் நிரப்ப வேண்டிய படிவத்தை மூட்டை மூட்டையாக நிரப்பித் தள்ளும் நிரல்களுக்கு ‘பாட்’ என்று பெயர். படத்தில் பேருந்து எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லி ஆளை அடையாளம் கண்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. பாட்கள் இப்போது மனிதரைவிட நன்றாகவே பேருந்தைக் காட்டின. மனிதர்கள்தான் எது பேருந்து, எது வேன் என்று தடுமாறி வெளியே நின்றார்கள்.

“அப்ப பாட்களை எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டார், வாடிக்கையாளராக வந்திருந்த ஓர் அம்மாள்.

மேலாளர் அம்பலவாணனுக்கு இந்தக் கேள்வி கற்கண்டு. “ரொம்பப் பழைய தந்திரம் மேடம். படிவத்துல ஒரே ஒரு கட்டத்தை மறைச்சு வச்சிருவோம். மனுஷக் கண்ணுக்கு அது தெரியாது. படிவத்தை நிரப்பும்போது பாட் கண்ணால பாக்கிறதில்லை, அடியில இருக்கிற எழுத்தைத்தான் படிக்குது. அதனால மறைஞ்சிருக்கிற கட்டத்தையும் நிரப்பிடும். நிரப்பினா மாட்டிக்கிச்சு. இயந்திரம்னு முத்திரை விழுந்திடும்.”

“அப்புறம் விரட்டிடுவீங்களா?”

“விரட்டினா வேற வேஷத்துல வரும். அதுக்குத்தான் நம்ம சுகிர்தா ஒரு வேலை பண்ணினா. விரட்டாம உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிடறோம். உங்க விண்ணப்பம் கிடைச்சுது, நன்றின்னு சொல்லிடறோம். அது ஒரு பொம்மை ஆபீஸ். அங்க பரிமளான்னு ஒரு கிளார்க். அதுவும் மிஷின்தான். கேக்கிறதுக்கெல்லாம் தன்மையா பதில் எழுதும். வரிசையில முன்னாடி வந்துட்டீங்க, இன்னும் கொஞ்ச நாள்தான்னு சொல்லும். பாட் அங்கேயே கிடக்கும். நிஜ ஆபீஸ் பக்கம் தலை வச்சுப் படுக்காது.”

“மிஷின் பேசினா முதல் வரியிலயே தான் மிஷின்னு சொல்லணும்னு சட்டம் இருக்கே?”

“அது மனுஷங்ககிட்ட பேசும்போது மேடம். மிஷின்கிட்ட மிஷின் பொய் சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள். அவள் பெருமைப்படக் காரணமும் இருந்தது. ‘ஊற்று’ என்றோர் அறக்கட்டளை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்த சிறுநீரகங்களை இலவசமாகக் கொடுத்துவந்தது. பதிவு செய்த தேதிப்படி வரிசை. தரகர்கள் பாட்களை ஏவி இல்லாத ஆட்களின் பெயரால் அந்த வரிசையை நிரப்பி, இடங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய்ப் பெயர்களுக்குப் பின்னால் நின்ற நிஜ நோயாளிகள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். சுகிர்தாவின் பொம்மை ஆபீஸ் வந்த பிறகுதான் தரகர்களின் கொட்டம் அடங்கியது.

“இதைப் பாருங்க மேடம், நம்ம சாதனை” என்று அம்பலவாணன் திரையில் ஒரு பேச்சை விரித்தார். “போன வருஷத்திலேர்ந்து ஒரு பாட் பரிமளாகிட்ட பேசிக்கிட்டே இருக்கு. பொங்கலுக்கு வாழ்த்துகூட அனுப்பியிருக்கு. கடைசியா வந்ததை வாசிக்கிறேன்.”

வாசித்தார். “வணக்கமுங்க பரிமளாம்மா இந்த வாரம் டயாலிசிஸ் நல்லபடியா முடிஞ்சுதுங்க ஊசி போட்ட கை மட்டும் வீங்கிக் கெடக்குது ஏனுங்க அதையெல்லாம் எதுக்கு அவங்ககிட்டச் சொல்றீங்க அவங்களுக்கு வேற வேலை இல்லீங்களா சும்மா இரு சாந்தா அம்மா நம்ம நம்பர் இப்ப எத்தனைங்க.”

“நடுவுல ஏதோ குப்பை வருதே?” என்றார் அந்த அம்மாள்.

“மனுஷன் மாதிரி காட்டிக்கிறதுக்குக் கலப்படம் பண்ணுது மேடம். நாளுக்கு நாள் பாட்களுக்கும் புத்தி வளருது.”

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை சுகிர்தாவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அது குப்பை இல்லை. யாரோ ஒருவர் போனில் சொல்லச் சொல்ல அது எழுத்தாகியிருக்கிறது. பக்கத்தில் இருந்த பெண்டாட்டி குறுக்கே பேசியதும், அவர் அதட்டியதும் சேர்ந்தே விழுந்திருக்கிறது. எந்தத் தரகனும் தன் நிரலுக்கு இப்படியொரு பெண்டாட்டியை வைத்துக் கொடுக்க மாட்டான்.

இடத்துக்கு வந்து அந்த விண்ணப்பத்தைத் திறந்தாள். பெயர் நாச்சிமுத்து, மனைவி சாந்தாமணிக்காக விண்ணப்பித்திருக்கிறார். ஊர் ஆனைமலைக்குப் பக்கம். எந்தக் கட்டத்தையும் அவர் தொட்டு நிரப்பியிருக்கவில்லை. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகத் தாவித் தாவி, ஒவ்வொன்றிலும் சற்றே நின்று, நிரப்பியிருந்தார். காதால் கேட்டு நிரப்புகிறவர் மட்டும்தான் அப்படிச் செய்வார்.

கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் குரல் ஒன்று எல்லாப் போனிலும் உண்டு. அது மறைந்திருக்கும் கட்டத்தையும் வாசித்துவிடும். வாசிக்காமல் தாண்டிப் போ என்று அந்தக் குரலுக்கு ஒரு குறிப்பு வைப்பது வழக்கம். அந்தக் குறிப்பைப் பார்த்தே பாட்கள் உஷாராகிவிடுகின்றன என்று அதை எடுத்துப்போட்டவள் சுகிர்தாவேதான். கண் தெரியாதவர் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டு எடுத்தாள் என்று சொன்னால்கூட அவளுக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். அப்படி யாராவது வருவார்கள் என்றே அவள் நினைக்கவில்லை.

மறைந்திருந்த கட்டத்தின் பெயர் ‘மாற்றுத் தொலைபேசி எண்’. அதில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

“சென்னியப்பன் பேசறனுங்க” என்றது ஓர் ஆண் குரல்.

“நாச்சிமுத்துன்னு ஒருத்தர் இந்த நம்பரைக் கொடுத்திருக்கார்…”

“எங்க அக்கா ஊட்டுக்காரருங்க. மாமாவுக்குக் கண்ணு தெரியாதுங்க, ஆனா போனெல்லாம் நல்லாப் பாப்பாரு. மில்லுல டெலிபோன் ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவருங்க. ஊத்துல இருந்துங்களா? அக்காவுக்கு வந்துருச்சுங்களா?”

“இன்னும் இல்லீங்க. இந்த நம்பரை ஏன் கொடுத்தார்னு தெரிஞ்சுக்கத்தான்.”

“கேட்டிருந்துச்சுன்னு குடுத்தாருங்க. ஒரு கட்டம் காலியா வுட்டாலும் திருப்பி அனுப்பிருவாங்கன்னு அவருக்குப் பயமுங்க. உதவித்தொகைக்கு எழுதிப்போட்டதுல எத்தனையோ தடவ அப்பிடி வந்திருக்குதுங்க. அதனால எதையும் வுட மாட்டாரு.”

சுகிர்தா நேரே அம்பலவாணன் அறைக்குப் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கேட்கும்போதே அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“முத்திரையை எடுத்துடு. நிஜ வரிசையில சேர்த்துவிடு.”

“இன்னைக்குத் தேதியிலதான் சேரும் சார். கடைசி ஆளா நிப்பாங்க. அவங்க போட்டது போன வருஷம். அந்தத் தேதியை ஊற்றுல கேட்டு வாங்கணும்.”

“கேட்டா என்ன சொல்வாங்க தெரியுமா? முன்தேதி போட்டுத் தர்றதுதான் தரகனுங்க செஞ்ச வேலை. அதை ஒழிக்கத்தான் நம்மளையே வச்சாங்க. ஒருத்தருக்கு முன்தேதி கொடுத்தா நாளைக்கு நூறு நாச்சிமுத்து வருவான், அதுல தொண்ணூத்தொம்பது பாட்.”

“அப்ப நம்ம தப்புன்னு நாமளே சொல்லிடலாம் சார்.”

“சொல்லலாம். உடனே காவலை எடுத்துடுவாங்க. தரகனுங்க திரும்ப வந்து உக்காருவானுங்க. நிஜமா வரிசையில நிக்கிறவங்க சாவாங்க. ஒருத்தருக்காக அத்தனை பேரையும் பலி கொடுக்கலாம்னா, நீயே எழுது, நான் கையெழுத்துப் போடறேன்.”

அவரால் போட முடியும் என்பதும், அவளால் எழுத முடியாது என்பதும் இருவருக்கும் தெரிந்திருந்தது. “இது மாதிரி வேற எத்தனை பேர் உள்ள இருக்காங்களோ சார்” என்றாள்.

“தேடாதே” என்றார் அம்பலவாணன். “தேடினா கிடைக்கும்.”

நாச்சிமுத்துவின் பெயர்மேல் இருந்த முத்திரையைச் சுகிர்தா அன்றே எடுத்தாள். தாண்டிப் போ என்ற குறிப்பையும் படிவத்தில் திரும்ப வைத்தாள். சாந்தாமணி நிஜ வரிசையின் வாலில் போய் நின்றாள். தன் முறை வர அவளுக்கு நாலைந்து வருஷம் ஆகும். முத்திரை போனதும் சட்டப்படி பரிமளாவின் வாயும் அடைத்துப்போயிற்று. மனிதர் என்று தெரிந்த ஒருவரிடம் அவள் பேசக் கூடாது.

மறுநாள் சுகிர்தா ஆனைமலைப் பக்கம் பஸ் ஏறினாள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொல்கிற விஷயமா இது?

ஓட்டு வீடு. உள்ளே கட்டிலில் சாந்தாமணி படுத்திருந்தாள், பக்கத்தில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதி, கால் ஊதி, மற்றபடி எலும்பாக இருந்தாள். ஊற்றுக்கு வேலை செய்கிற கம்பெனியிலிருந்து வந்திருப்பதாகச் சுகிர்தா சொன்னதும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

“பரிமளாம்மா அனுப்புனாங்களா அம்மணி? அவங்களைப் பாத்திருக்கறீங்களா?”

“ம்” என்றாள் சுகிர்தா.

“எப்பிடி இருப்பாங்க?”

“அமைதியா இருப்பாங்க அக்கா.”

“அப்பிடித்தான் இருப்பாங்கன்னு நெனச்சேன். இந்த ஒலகத்துல ஒரு ஆபீசுல இருந்து ஒருத்தி மருந்து சாப்ட்டீங்களான்னு கேக்கறாங்கன்னா சும்மாவா? இவரு கண்ணில்லாம எத்தனை ஆபீஸ் ஏறி எறங்கியிருக்காரு. நிமுந்து பாத்துப் பேசினவங்க கெடையாது.”

மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று விதி எழுதியவள் சுகிர்தா. பாட் வெளியேறாமல் இருக்க அக்கறையாகப் பேசு, வரிசை எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காட்டு, நம்பிக்கையும் குறையக் கூடாது, முடிவும் வரக் கூடாது. அந்த விதிகளுக்காக அவளுக்குக் கேடயம்கூடக் கொடுத்திருந்தார்கள்.

நாச்சிமுத்துவைத் தனியாகப் பேச வேண்டும் என்று தென்னந்தோப்புப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைந்த கட்டம், முத்திரை, பொம்மை ஆபீஸ், வரிசையின் வால், எல்லாம் சொன்னாள். அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, மில்லில் போன் கேட்டு வளர்ந்த பழக்கத்தில், இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டார்.

“அப்ப பரிமளாம்மான்னு ஒருத்தங்க…”

“இல்லீங்க ஐயா. அது மிஷின்.”

“சரிங்க.” கையை நீட்டி ஒரு தென்னையைத் தொட்டு அதில் சாய்ந்துகொண்டு மறுபடியும், “சரிங்க” என்றார்.

“என்னைத் திட்டிடுங்க ஐயா.”

“திட்டி என்னாவப்போவுது அம்மணி. உங்களுக்கு இன்னொண்ணும் தெரியோணும், கேட்டுக்கோங்க. போன ஆடியில என்ற மச்சினன் சென்னியப்பன், என்ற கிட்னியக் குடுக்கறேன்னு வந்து நின்னான். டெஸ்ட்டெல்லாம் சரியா வந்துச்சு. சாந்தாதான் வேண்டாம்னுட்டா. வரிசையில முன்னாடி வந்துட்டோம்னு பரிமளாம்மா சொல்றாங்க, ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கறவன் வயித்த எதுக்குக் கிழிக்கோணும்னு சண்டை போட்டு அனுப்பிட்டா. இப்ப அவனுக்குச் சக்கரை வந்துருச்சுங்க. இனி அவன்கிட்ட எடுக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு.”

தன் கையால் ஓர் உயிரைப் பிடித்துக் கிணற்றில் தள்ளிவிட்டதாகச் சுகிர்தா நினைத்தாள். அது வெறும் நினைப்பும் இல்லை.

“இந்த வருசம் தாண்டறதே கஷ்டம்னு டாக்டரு என்றகிட்டத் தனியாச் சொன்னாருங்க. நீங்க நாலஞ்சு வருசம்னு சொல்றீங்க. அது ஆவறதில்லை.” அவர் குரல் உடையவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. “அவகிட்ட மட்டும் இதைச் சொல்லீராதீங்க. சாவறதுக்குப் பயப்படற ஆளில்லை அவ. ஆனா தம்பிய வேண்டாம்னது ஒரு பொய்ய நம்பின்னு தெரிஞ்சா, இருக்கற நாளும் நரகமாயிரும். பரிமளாம்மா எழுதிட்டே இருக்கட்டும். எனக்கு நீங்க செய்யோணும்னு நெனச்சா, இது ஒண்ணு செய்யுங்க.”

“பரிமளா இனிமே எழுத முடியாது ஐயா. நீங்க மனுஷர்னு நாங்களே எழுதிட்டோம். மனுஷர்கிட்ட அது பொய் சொல்லக் கூடாது.”

“அப்ப நீங்க எழுதுங்க.”

எழுதினாள். திரும்பி வந்த வாரத்திலிருந்து பரிமளாவின் பெயரில் சுகிர்தாவே பதில் எழுதத் தொடங்கினாள். மனிதர் மனிதரிடம் பொய் சொல்வதைத் தடுக்கத்தான் எந்தச் சட்டமும் இல்லையே. ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்கும்போது எழுதுவாள், மதியச் சாப்பாட்டை ஒரு கையால் பிசைந்துகொண்டே எழுதுவாள். எழுதி அழிப்பாள். ‘உங்கள் எண்’ என்று ஆரம்பித்தால் மேலே போக வராது. அந்தக் கட்டிலையும் ஊதிய காலையும் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில், “வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. விவரம் பிறகு தெரிவிக்கப்படும். உடல்நலம் பேணவும்” என்பதுபோல் ஏதோ ஒன்று போய்ச் சேரும். பரிமளாவைப் போல இரண்டு வரி அன்பாக எழுத முயன்றாலும் குற்ற உணர்ச்சி வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

சில வாரம் கழித்து நாச்சிமுத்து கூப்பிட்டார்.

“அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. சாந்தா சரியாச் சாப்பிடறதில்லைங்க. டயாலிசிசுக்கும் வர மாட்டேங்கறா.”

“ஏன் ஐயா, அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சா?”

“இல்லீங்க. அவ வேற சொல்றா.” “பரிமளாம்மாவ வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம். அந்த எடத்துல மிசின வச்சுட்டாங்களாம். இப்ப வர்ற பதில் எல்லாம் மிசின் எழுதறதுதானாம். மனுசி எழுதினா இப்பிடி இருக்காதுன்னு ஒரே அழுகை. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தனுங்க. நம்பறதில்லை.”

சுகிர்தா தான் கடைசியாக அனுப்பிய பதிலைத் திறந்து பார்த்தாள்.

“மில்லுல முப்பது வருசம் குரல் கேட்டவன் நான். எனக்கே அப்பிடித்தான் படுதுங்க” என்றார் நாச்சிமுத்து, மன்னிப்புக் கேட்கும் தொனியில். “பழைய பரிமளாம்மாவையே வரச் சொல்ல வழி இருக்குதுங்களா?”

வழி இருந்தது. “உங்க பேர்ல திரும்ப இயந்திரம்னு முத்திரை குத்தணும் ஐயா. குத்தினா நிஜ வரிசையில இருக்கிற பேரு அழிஞ்சு போயிடும். ரெண்டுலயும் இருக்க முடியாது.”

“அந்த வரிசைதான் எங்களுக்கு எட்டப்போறதில்லையே அம்மணி.”

“இருந்தாலும்… நெசமான இடம் ஐயா அது.”

“நெசத்த வச்சு என்னங்க பண்றது? அவ சோறு திங்கோணும். என்னையும் அவளையும் மிசின்னே எழுதிக்கோங்க. எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.”

அம்பலவாணனிடம் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் தலையாட்டியிருப்பார். ஒரு கவலை விட்டது என்று உள்ளூர நிம்மதியும் பட்டிருப்பார். அந்த நிம்மதியைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. தானே விண்ணப்பத்தைத் திறந்து, இவர் மனிதர் அல்லர் என்பதற்கான இடத்தில் விரலை வைத்தாள். ‘உறுதியாகத் தெரியுமா?’ என்று திரை கேட்டது. தெரியும் என்று அழுத்தினாள். நிஜ வரிசையில் சாந்தாமணியின் பெயர் அழிந்து, அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஓர் இடம் முன்னே நகர்ந்தார்கள்.

நடுவில் வேறு ஒருவர் பதில் எழுதியதையும் சாந்தாமணி வருந்துவதையும் மட்டும் சுகிர்தா குறிப்பாகச் சேர்த்துவைக்க, அன்று மாலையே பரிமளா எழுதினாள். “சாந்தாம்மா, மன்னிச்சுக்கோங்க. உடம்புக்கு முடியாம லீவுல இருந்தேன். எனக்குப் பதிலா இருந்தவங்க உங்களைச் சரியாக் கவனிக்கலைன்னு கேள்விப்பட்டேன், மனசுக்குக் கஷ்டமாயிடுச்சு. கை வீக்கம் இப்ப எப்படி இருக்கு? உங்க நம்பர் இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கு. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

சுகிர்தா அதைப் படித்துப் பார்த்தாள். இத்தனை வாரமாகத் தனக்கு வராத வரிகள் அப்படியே வந்திருந்தன.

பதில் உடனே வந்தது. “பரிமளாம்மா வந்துட்டீங்களா ஏனுங்க போனை இங்க குடுங்க நானே சொல்றேன் இரு சாந்தா நான் சொல்லீட்டுத்தான இருக்கறேன் குடுங்கங்கறேன் அம்மணி உங்களுக்கு ஒடம்புக்கு என்னாச்சுங்க இப்பத் தேவலையா எங்களையே கேட்டுட்டு இருக்கறீங்களே உங்களை ஆரு பாத்துக்கறாங்க மாசாணியம்மனுக்கு உங்க பேரச் சொல்லிக் காசு முடிஞ்சு வச்சிருக்கறனுங்க எனக்கு வர்றது மெதுவா வரட்டும் மொதல்ல உங்களுக்கு நல்லாவட்டும் நான் இன்னைக்கு ரெண்டு வாய் சாப்ட்டுட்டனுங்க.”

செய்தியின் தலையில், வழக்கம்போல, ‘அனுப்பியது: இயந்திரம்’ என்று சிவப்பில் விழுந்திருந்தது.